எண்ணூறு வருஷத்துக்கு அப்பால் ஒரு தோழி

காக்குஷூயின் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது தமிழ் எம்.ஏ. வகுப்பில்தான். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்ட பேராசிரியர் சுசுமு ஓனோவைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தது. டோக்கியோவில் உள்ள காக்குஷூயின் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியும் இலக்கியமும் கற்பித்தவர் அவர். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு சேர்ந்து அங்கே வேலை செய்தவர்கள். ஓனோவின் முடிவை மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு ஜப்பானியர் தமிழைத் தேடி வந்தாரே என்ற சந்தோஷத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் எனக்குள் ஒட்டிக்கொண்டது.

2020இல் ஒரு செய்தி படித்தேன். ஜப்பான் பேரரசரின் ஒரே மகள், இளவரசி ஐக்கோ, காக்குஷூயினில் ஜப்பானிய மொழி, இலக்கியத் துறையில் சேர்ந்திருக்கிறார். ஓனோ பாடம் நடத்திய அதே துறை. ஒரு நாட்டின் இளவரசி பொருளாதாரமோ அரசியலோ படிக்காமல் தன் தாய்மொழியின் பழைய இலக்கியத்தைப் படிக்கப் போகிறார் என்றதும், அதே மாதிரிப் படித்தவள் என்ற முறையில் எனக்கு அவர் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவரைப் பற்றி எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவேன்.

2001 டிசம்பர் 1ஆம் தேதி பிறந்தவர். அப்போது அவருடைய அப்பா நருஹித்தோ பட்டத்து இளவரசர். அம்மா மசாக்கோ ஹார்வர்டில் பொருளாதாரம் படித்து, வெளியுறவுத் துறையில் வேலை பார்த்து, 1993இல் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர். கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. நடுவில் ஒரு கரு கலைந்தும் போனது. இந்த மாதிரி வீட்டில் ஒரு மருமகள் என்னென்ன கேள்விகளைத் தாங்கியிருப்பார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. குழந்தை பிறந்து சில மாதம் கழித்துப் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது, 'பிறந்து வந்ததற்கு நன்றி' என்று குழந்தையிடம் சொல்லத் தோன்றியதாகச் சொல்லி மசாக்கோ கண் கலங்கினார்.

பேரக்குழந்தைக்குப் பேரரசர் பெயர் வைப்பதுதான் அங்கே வழக்கம். இந்தக் குழந்தைக்குப் பெற்றோரே பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். சீன ஞானி மென்சியஸின் வாக்கு ஒன்றிலிருந்து எடுத்தது. பிறரிடம் அன்பு காட்டுகிறவரிடம் பிறரும் எப்போதும் அன்பு காட்டுவார்கள், பிறரை மதிக்கிறவரைப் பிறரும் எப்போதும் மதிப்பார்கள் என்பது அதன் பொருள். அன்பு என்ற எழுத்து ஐக்கோ என்ற பெயரில் இருக்கிறது. மதிப்பு என்ற எழுத்து தோஷி நோ மியா என்ற இளவரசிப் பட்டத்தில் இருக்கிறது. குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஜப்பானில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு, அரச குடும்பத்துக்கு மட்டும் இல்லை. சாதாரணக் குடும்பப் பதிவேட்டில் அவர்கள் இருக்க மாட்டார்கள், தனியாக ஒரு வம்சப் பதிவேடு இருக்கிறது. ஓட்டுப் போடவும் முடியாது.

அரியணையும் கிடையாது. 1947இன் அரச குடும்பச் சட்டத்தின் முதல் பிரிவே, ஆண் வழியில் வந்த ஆணுக்குத்தான் அரியணை என்கிறது. பழைய வரலாற்றில் 8 பெண்கள் ஆண்டிருக்கிறார்கள், கடைசியாக ஆண்டவர் 1771இல் பதவி விலகினார். ஐக்கோவுக்கு நான்கு வயதாகும் சமயத்தில், 2005 நவம்பரில், அரசு அமைத்த குழு ஒன்று ஆணோ பெண்ணோ மூத்த குழந்தைக்கே பட்டம் என்று மாற்றலாம் என அறிக்கை கொடுத்தது. அடுத்த வருஷம் செப்டம்பரில் சித்தப்பாவுக்கு மகன் பிறந்தான். நாற்பது வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குடும்பத்தில் பிறந்த ஆண் குழந்தை. அறிக்கையை அப்படியே மூடி வைத்துவிட்டார்கள். தன்னைப் பற்றி நாடே இப்படி விவாதித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சிறுமி மழலையர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த மழலையர் பள்ளியும் காக்குஷூயினுடையதுதான். 1847இல் கியோட்டோவில் அரசவைப் பிரபுக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, பிறகு டோக்கியோவுக்கு வந்தது. போருக்குப் பிறகு தனியார் கல்வி நிறுவனமாகிவிட்டது. மழலையர் வகுப்பிலிருந்து பட்டம் வரை ஐக்கோ படித்தது முழுக்க அங்கேதான்.

எல்லாம் ஒரே இடம் என்றால் சுலபமாகப் போயிருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 2010 மார்ச்சில், அவர் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறார் என்று அரண்மனை அறிவித்தது. வேறு வகுப்புப் பையன்கள் சிலரின் முரட்டுத்தனத்தைப் பார்த்துப் பயந்துவிட்டதாகக் காரணம் சொன்னார்கள். எட்டு வயதுக் குழந்தை பள்ளிக்குப் போகாத விஷயம் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. அதற்கப்புறம் மசாக்கோ மகளோடு பள்ளிக்குப் போக ஆரம்பித்தார். முதலில் ஒரே ஒரு பாடவேளை மட்டும். அம்மா கூடவே இருப்பார். மெல்ல மெல்ல நேரம் கூடியது. 2011இல் பள்ளியிலிருந்து ஏரிக்கரைக்கு முகாம் போனபோதும் அம்மா பின்னாலேயே போனார். மசாக்கோவுக்கே அப்போது உடம்பும் மனசும் சரியில்லை. 2004இலிருந்து சிகிச்சையில் இருந்தவர், பொது நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் வர முடியாதவர். அரச கடமைக்கு வராதவர் மகளின் வகுப்புக்கு மட்டும் போகிறாரே என்று வாராந்தரப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகத் தாக்கின.

இந்த இடத்தை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஜூன் மாதம் இருந்தது. என் மகளும் அப்போது இரண்டாம் வகுப்புதான். காலையில் எழுந்து குளித்து, சீருடை போட்டு, இட்லி சாப்பிட்டு, வண்டியில் ஏறி உட்காருவாள். பள்ளி வாசல் வந்ததும் தண்ணீர் பாட்டிலின் பட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அழ மாட்டாள், இறங்கவும் மாட்டாள். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருக்கும். இரண்டு வாரம் கழித்துத்தான், பின் பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளை தினமும் அவளுடைய சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. பள்ளியில் போய்ச் சொன்னேன். 'நீங்க செல்லம் கொடுக்கிறீங்க மேடம்' என்றார்கள். நான் அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு, பள்ளி வாசலுக்கு எதிரே, ஜன்னலிலிருந்து அவள் பார்த்தால் தெரிகிற மாதிரி, ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பதினொரு நாள். அதற்கே சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். மசாக்கோவை ஒரு நாடே பேசியது, அதுவும் வருஷக்கணக்கில்.

அவர்களுக்கு வேறு வழியும் இருந்தது. அரண்மனைக்கு ஆசிரியர்களை வரவழைத்திருக்கலாம். ஒரு தலைமுறைக்கு முன்புவரை அரச குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தனி மாளிகையில் வைத்து, ஆட்களைப் போட்டு வளர்த்த குடும்பம் அது. ஐக்கோவின் பாட்டி மிச்சிக்கோதான் அந்த வழக்கத்தை விட்டுத் தன் பிள்ளைகளைத் தானே வளர்த்தவர். மருமகள் அதிலிருந்து இன்னும் ஒரு படி போனார். மற்றப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பறைக்குள்தான் தன் மகள் திரும்பிப் போக வேண்டும், அதற்கு எத்தனை மாதம் ஆனாலும் சரி என்று நின்றார். பாடத்தை எங்கே வைத்தும் சொல்லிக்கொடுக்கலாம். பக்கத்துப் பெஞ்சுத் தோழியை அரண்மனையில் உண்டாக்க முடியாது. மசாக்கோ செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். பிற்பாடு ஐக்கோ எழுதியதையெல்லாம் படித்தபோது அந்த எண்ணம் இன்னும் உறுதியானது.

ஆமாம், அவர் எழுதுவார். பள்ளி நாட்களில் எழுதியவற்றில் சிலவற்றை அரண்மனை வெளியிட்டிருக்கிறது. நடுநிலைப் பள்ளி முதல் வருஷத்தில் ஒரு சிறுகதை எழுதினார். கதையில் ஐக்கோ என்ற பெயரிலேயே ஒரு நர்ஸ். விழித்துப் பார்த்தால் அவள் வேலை செய்யும் மருத்துவமனை கடலில் மிதந்துகொண்டிருக்கிறது. கதவைத் திறந்தால் அடிபட்ட ஒரு கடற்பறவை. அதற்கு அவள் மருந்து போடுகிறாள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கடல் உயிர்கள் சிகிச்சைக்கு வர ஆரம்பிக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பெண் தனக்குத்தானே ஒரு வேலை கொடுத்துக்கொண்டு, தன்னந்தனியாகக் கடல் நடுவில், வருகிற எல்லோருக்கும் கட்டுப்போடுகிறாள். படித்து முடித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

2016 மே மாதம் பள்ளிச் சுற்றுலாவில் ஹிரோஷிமா போனார். அந்த இலையுதிர்காலத்தில் மறுபடியும் உடம்பு சரியில்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் பள்ளிக்குப் போகவில்லை. டிசம்பரில் பிறந்தநாளுக்கு வெளிவந்த படங்களில் மெலிந்து, கன்னம் ஒட்டிப்போய் இருந்தார். அதற்குச் சில மாதம் கழித்து, 2017 மார்ச்சில், நடுநிலைப் பள்ளி முடிக்கும்போது எழுதிய கட்டுரை வெளிவந்தது. குளிர்காலக் காலை ஒன்றில் வேகவேகமாகப் பள்ளி வாசலுக்குள் நுழைந்தவர், தற்செயலாக நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பதில் கட்டுரை தொடங்குகிறது. மேகமே இல்லாத வானம். அங்கிருந்து ஹிரோஷிமாவுக்குப் போகிறார். அணுகுண்டில் சிதைந்த அந்தக் கூரைக் கட்டடத்தின் முன்னால் நின்றபோது திடீரென்று தன் கால் நகரவில்லை என்கிறார். 71 வருஷத்துக்கு முந்தைய அந்த ஆகஸ்ட் 6இல் தானும் அங்கே நிற்பதாகத் தோன்றியதாம். வானம் நீலமாக இருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அமைதியை யாரோ கொண்டுவரட்டும் என்று விட்டுவிட முடியாது, ஒவ்வொருவரும் சேர்ந்து கட்ட வேண்டியது அது என்று எழுதுகிறார். பதினைந்து வயதுப் பிள்ளைகள் எழுதுகிற அமைதிக் கட்டுரைகளை நானும் கட்டுகட்டாகத் திருத்தியிருக்கிறேன். பெரும்பாலும் கற்றுக்கொடுத்த வாசகங்கள்தான் இருக்கும். நகராமல் நின்ற அந்தக் கால் யாரும் கற்றுக்கொடுத்து வந்ததில்லை.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, 2018 கோடையில், இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரிக்குக் கொஞ்ச நாள் போய்ப் படித்தார். பெற்றோர் இல்லாமல் போன முதல் வெளிநாட்டுப் பயணம். அரண்மனையில் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் கவிதை விழாவுக்கு அவர் முதன்முதலாகக் கொடுத்த வாகா கவிதை அந்தப் பயணத்தைப் பற்றியதுதான். 2022இன் தலைப்பு 'ஜன்னல்'. ஆங்கில நாட்டுக் கல்விக்கூடத்தில் வந்து நின்ற பொழுதில் உலகத்தைப் பார்த்த ஜன்னல் ஒன்று திறக்கத் தொடங்கியது என்று எழுதியிருந்தார். வாகா என்றால் 5-7-5-7-7 என 31 அசை, அவ்வளவுதான். நமக்குப் பழக்கமான ஹைக்கூவுக்குத் தாய் வடிவம்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது கொரோனா வருஷத்தில். முதல் மூன்று வருஷமும் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க ஆன்லைன். வளாகத்துக்குள் முதன்முதலில் கால் வைத்ததே 2020 அக்டோபர் 24இல்தான். ஒழுங்காக வகுப்புக்குப் போக ஆரம்பித்தது நான்காம் வருஷம். அவ்வளவு பாடுபட்டுத் திரும்பக் கிடைத்த வகுப்பறையைத் தொற்றுநோய் பறித்துக்கொண்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. 2023 விழாவின் தலைப்பு 'தோழமை'. சிவந்த மேப்பிள் இலைகள் உதிர்ந்து கிடக்கும் பாதையில் நடந்து வரும்போது, தோழியின் பக்கவாட்டு முகமும் அவளோடு கழித்த நேரமும் நினைவில் எழுவதாக எழுதினார். பக்கவாட்டு முகம் என்றது என்னைப் பிடித்து நிறுத்தியது. கூடவே நடந்தவர்களின் முகம் அப்படித்தானே நமக்கு ஞாபகம் இருக்கும்!

அந்த நான்காம் வருஷத்தில் அவர் எழுதிய ஆய்வேடு ஷிக்கிஷி இளவரசியையும் அவருடைய வாகாக்களையும் பற்றியது. எனக்கு இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் ஆசை தீராது.

ஷிக்கிஷி பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், பேரரசர் கோ-ஷிரகாவாவின் மகள். பத்து வயதுவாக்கில் அவரைக் கியோட்டோவின் காமோ கோயிலுக்குப் பூசாரியாக அனுப்பிவிட்டார்கள். பேரரசரின் சார்பாகத் தெய்வத்துக்குப் பணி செய்ய ஒரு கன்னி இளவரசியை அனுப்புவது அன்றைய முறை. 1159இலிருந்து பத்து வருஷம் அங்கே இருந்தார். உடம்பு சரியில்லாமல் திரும்பி வந்தவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பின்னாளில் துறவியானார். அவர் கண்முன்னாலேயே நாடு பற்றி எரிந்தது. 1180இல் தம்பி மொச்சிஹித்தோ தைரா குலத்துக்கு எதிராகக் கிளர்ந்து கொல்லப்பட்டார். தொடர்ந்து ஐந்து வருஷம் உள்நாட்டுப் போர், தலைநகரில் பஞ்சம். இதற்கெல்லாம் நடுவே திரைக்குப் பின்னால் இருந்த இந்தப் பெண், அந்தக் காலத்தின் பெரிய கவிஞர் ஷுன்ஸேயிடம் கவிதை கற்றார். ஷுன்ஸேயின் மகன் தெய்க்காவின் நாட்குறிப்பில் அவரைப் பார்க்கப் போன குறிப்புகள் இருக்கின்றன. சுமார் 400 கவிதைகள் எஞ்சியுள்ளன. ஷின்கொகின்ஷூ என்ற அரசவைத் தொகுப்பில் அவருடையவை 49. அந்தத் தொகுப்பில் வேறு எந்தப் பெண் கவிஞருக்கும் அவ்வளவு இல்லை.

அவருடைய ஒரு கவிதை ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கு வந்த மாதிரி தமிழில் சொல்கிறேன்.

உயிரின் இழையே,
அறுவதானால் அறுந்துபோ.
இன்னும் நீண்டால்
மறைத்து வைத்திருக்கும் என் வலு
தளர்ந்துவிடும்.

'மறைத்த காதல்' என்று தலைப்புக் கொடுத்துக் கேட்டபோது எழுதியது இது. யாரை நினைத்து எழுதினார் என்று எண்ணூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாராக இருந்தால் என்ன! நம் அகப்பாடல் தலைவியும் ஊர் அலருக்கு அஞ்சி இப்படித்தான் நெஞ்சோடு பேசுவாள். ஷிக்கிஷிக்கு ஊரே நெருங்க முடியாத வேலி. அந்த வேலிக்குள்ளிருந்து இப்படி ஒரு குரல்.

ஷிக்கிஷி இறந்தது 1201இல். ஐக்கோ பிறந்தது 2001இல். இடையில் சரியாக எண்ணூறு வருஷம். பிறந்த குடும்பத்தால் வாழ்க்கை முழுக்க வரையறுக்கப்பட்ட ஒரு பெண், அப்படியே வரையறுக்கப்பட்ட இன்னொரு பெண்ணைத் தேடிப் போய், நூலகத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்திருக்கிறார். 2024 விழாவுக்கு அவர் கொடுத்த கவிதையில் அது தெரிந்தது. எத்தனையோ வருஷங்களின் கடினமான காலங்களைத் தாண்டி வந்து வாகாவின் சொற்கள் என்னுள் ஒலித்தன என்று எழுதினார். பழைய இலக்கியம் படித்த யாருக்கும் அந்த ஒலி தெரியும். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய ஒரு வரி, மத்தியானம் மூன்று மணிக்கு, யாருமில்லாத நூலகத்தில், நம்மைத்தான் கூப்பிடுகிறது என்று சட்டென்று புரிகிற கணம் அது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பரில் இருபது வயது நிறைந்த சடங்குக்கு அவர் புது டியாரா, அதாவது தலையில் அணியும் சிறு கிரீடம், செய்துகொள்ளவில்லை. கொரோனாவில் மக்கள் கஷ்டப்படும்போது வேண்டாம் என்று, அத்தை சயாக்கோவின் டியாராவை இரவல் வாங்கி அணிந்தார். அந்த அத்தை 2005இல் சாதாரணக் குடிமகன் ஒருவரை மணந்து, சட்டப்படி அரச குடும்பத்தை விட்டு வெளியேறியவர். ஐக்கோ நாளைக்கு அப்படி மணந்தாலும் அதே சட்டம்தான். அதை மாற்றலாமா என்று நாடாளுமன்றத்தில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சீக்கிரம் ஒரு முடிவு எடுத்தால் நல்லது. தன் வாழ்க்கை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமலேயே ஒரு பெண்ணை எத்தனை வருஷம் காக்க வைப்பது? 2022இல் நடந்த முதல் செய்தியாளர் சந்திப்பில், அம்மா அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்குப் பதில் சொன்னார். 'என்னைப் பெற்றெடுத்ததற்கு நன்றி என்று நானும் சொல்ல விரும்புகிறேன்' என்றார். மசாக்கோ இருபது வருஷம் பட்டதற்கெல்லாம் சேர்த்து வந்த பதிலாக எனக்கு அது கேட்டது.

2024 மார்ச் 20இல் பட்டம். இளஞ்சிவப்புக் கிமோனோவும் அதன் மேல் பாவாடை போலக் கட்டும் கருநீல ஹக்காமாவும் அணிந்து வளாகத்தில் நின்று சிரித்தார். ஏப்ரல் 1இல் ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இளைஞர், தொண்டர் பிரிவில் ஒப்பந்த ஊழியர். அந்த வருஷம் ஜனவரி 1இல்தான் நோட்டோ தீபகற்பத்தில் பெரிய நிலநடுக்கம் வந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்களைப் பார்க்க செப்டம்பரில் போவதாக இருந்தார், அதே பகுதியில் பேய்மழை கொட்டி அது தள்ளிப்போனது. 2025 மே மாதம் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். கடலில் மிதந்த மருத்துவமனையில் அந்த நர்ஸ் செய்ததை நான் நினைத்துக்கொண்டேன்.

படிப்பு காரணமாக அதுவரை கவிதையை மட்டும் அனுப்பிவந்தவர், 2025 ஜனவரி விழாவுக்குத்தான் முதன்முறையாக நேரில் வந்தார். அங்கே கவிதையை நாம் படிக்கிற மாதிரி படிக்க மாட்டார்கள். ஒருவர் முதல் அடியை ராகம் போட்டு மெல்ல இழுத்துத் தொடங்குவார், அடுத்த அடியிலிருந்து மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். 31 அசை முடிய அவ்வளவு நேரம் ஆகும். சபையில் மற்றவர்கள் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வருஷத் தலைப்பு 'கனவு'. ஐக்கோ எழுதியிருந்தது கல்லூரி முடிந்து பிரிந்த தோழமையைப் பற்றி.

என் தோழமையை
மறுபடி சந்திக்கும்
அந்த நாள் வரை
துரத்திக்கொண்டே போவோம்
அவரவர் கனவை.